பாலக்காட்டுக் கணவாயில் ஓர் உடற்கூறியல் கூடம்: எந்தப் பதப்படுத்தல் முறையைத் தேர்வது?

கோயம்புத்தூரிலிருந்து வாளையாற்றைக் கடந்து பாலக்காடு வரை நீளும் நிலப்பகுதியில், எல்லையின் இருபுறமும் மருத்துவக் கல்லூரிகளும் ஆயுர்வேதக் கல்லூரிகளும் பெருகியிருக்கின்றன. கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி 1966இல் தொடங்கியது; பாலக்காட்டு அரசு மருத்துவக் கல்லூரி 2014இல் வந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் ஆலத்தூர், ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளப் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி நின்று உடலை அறுத்துப் படிக்கும் இத்தகைய கூடங்களில் ஒன்றில் கற்பிப்பவன் என்ற முறையில், புதிய கூடம் அமைப்பவர்களும் பழையதைச் சீர்செய்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுக்கு இங்கே விரிவாக விடையளிக்க முயல்கிறேன். கையிலிருக்கும் பணத்தைக் கொண்டு உடல்களை எந்த முறையில் பதப்படுத்துவது? வழக்கமான ஃபார்மலினா (ஃபார்மால்டிஹைடு வாயுவின் நீர்க்கரைசல்), உப்புக் கரைசலா, ஆஸ்திரியரான தீலின் முறையா, உறுப்புக்குள் சிலிக்கோனை ஏற்றும் பிளாஸ்டினேஷனா, அல்லது உடலின் உட்பகுதிகளைப் படங்களாகக் காட்டும் கணினித் திரைமேசை ஒன்றை வாங்கிவைத்து உடல்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதா?

இதைக் கொள்முதல் குழுவின் கேள்வியாக மட்டும் பார்க்கும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. பதப்படுத்தும் முறை மாறிய போதெல்லாம், உடலுக்குள் எதைப் பார்க்க முடியும், எந்த வரிசையில் பார்க்க முடியும், எது கண்ணுக்குத் தப்பும் என்பவையும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. ஆகவே எதைக் கற்பிக்கப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்த பிறகே எந்தக் கரைசலை வாங்குவது என்ற பேச்சுக்கு வர வேண்டும்.

பதப்படுத்தல் இல்லாத காலத்தில் உடற்கூறியலின் பாடத்திட்டத்தை எழுதியது அழுகல்தான். இத்தாலியின் போலோன்யாவில் உடற்கூறியல் ஆசிரியர் மொந்தினோ 1316இல் தம் கையேட்டை எழுதியபோது, விரைவில் கெடும் வயிற்றை முதலிலும், பிறகு மார்பையும், அதன்பின் தலையையும், இறுதியில் கைகால்களையும் அறுக்கும் வரிசையைப் பின்பற்றினார். ஏறக்குறைய நான்கு நாட்களில் எல்லாம் முடிந்தாக வேண்டும். குளிர்காலத்தில் மட்டுமே அறுத்துப் பார்க்க முடிந்த ஐரோப்பாவுக்கே அந்த நெருக்கடி இருந்தது. நம் நாட்டில் பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை வேறொரு வழியைச் சொல்கிறது: உடலைப் புல்லாலும் நாராலும் சுற்றி, கூண்டில் வைத்து, வேகமில்லாத ஆற்றுநீரில் மறைவான இடத்தில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பிறகு வெட்டிவேர் அல்லது மூங்கில் நாரால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தோலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படலமாகப் பார்க்க வேண்டும் என்கிறது அந்நூல். அழுகலைத் தடுக்க முடியாத வெப்ப நாட்டில், அழுகலையே கருவியாக்கிக்கொண்ட முறை அது. தோல், தசை, எலும்பு, மூட்டு ஆகியவற்றை அம்முறை காட்டியிருக்கும். நரம்பின் கிளைகளையும் மூளையின் உள்ளமைப்பையும் அதனால் காட்டியிருக்க முடியாது. எல்லைப்புற ஆயுர்வேதக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் இந்தப் பகுதியை மாணவர்களுக்கு விளக்கும்போது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம்.

1543இல் உடற்கூறியலாளர் வெசேலியஸ் தம் பெருநூலை வெளியிட்டபோது, குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்துப் பண்டைய மருத்துவர் கேலன் எழுதியவை மனித உடலுக்குப் பொருந்தாத இடங்களைச் சுட்டிக்காட்டினார். கீழ்த்தாடை ஓர் எலும்பே என்பதும், கால்நடைகளின் மூளையடியில் காணப்படும் வலைப்பின்னல் இரத்தக்குழாய்கள் மனிதனுக்கு இல்லை என்பதும் அவற்றில் அடங்கும். ஆனால் அவரும் அழுகிக்கொண்டிருந்த உடலோடு போட்டியிட்டே வேலை செய்தார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் உடற்கூறியலாளர் ரய்ஷ் இரத்தக்குழாய்களுக்குள் மெழுகு கலந்த சாயத்தை ஏற்றி உருவாக்கிய மாதிரிகளை, 1717இல் ருஷ்யப் பேரரசர் பீட்டர் 30,000 கில்டர் கொடுத்து வாங்கினார். அவை நுண்குழாய்களை முதன்முதலாகப் பலர் கண்ணுக்கும் காட்டின என்றாலும், மாணவர் தம் கையால் அறுத்துப் பார்க்க உதவவில்லை.

ஃபார்மலின் அந்த நிலையைத் தலைகீழாக மாற்றியது. ஃபார்மால்டிஹைடை ருஷ்ய வேதியியலாளர் புட்லெரோவ் 1859இல் முதலில் உருவாக்கினார்; அதன் இயல்பை ஜெர்மானியரான ஹாஃப்மன் 1860களின் பிற்பகுதியில் உறுதிப்படுத்தினார். 1893இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம் அதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கரைசல் பட்ட தம் விரல்தோல் இறுகுவதைக் கவனித்து, திசுக்களைப் பதப்படுத்த அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். புரதங்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி, உடலின் சொந்த நொதிகளையும் நுண்ணுயிர்களையும் ஒருசேரச் செயலிழக்கச் செய்வதே அதன் வேலை.

அதனால் நான்கு நாள் என்பது ஓராண்டு ஆயிற்று. நம் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் பெரும்பாலும் கையிலும் தோளிலும்தான் அறுக்கத் தொடங்குகிறார்கள். மொந்தினோ கடைசியாக வைத்தது இன்று முதலாவதாக வருகிறது. எளிதானதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் இந்த வரிசை, கெடாத உடல் கிடைத்த பிறகே சாத்தியமாயிற்று. இதைவிடப் பெரிய மாற்றம் மூளையில் நிகழ்ந்தது. பதப்படாத மூளை கையில் எடுத்தாலே உருக்குலையும். ஃபார்மலினில் இறுகிய மூளையைச் சீரான துண்டுகளாக வெட்டலாம். 1930களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரின் யோசெஃப் கிளிங்லர், ஃபார்மலினில் பதப்பட்ட மூளையை உறையவைத்து உருக்கினால், பனிப்படிகங்கள் மூளையின் உட்பகுதியான வெண்பொருளின் நரம்பிழைக் கற்றைகளைப் பிரித்துவிடுவதால் அவற்றை மரக்குச்சியால் ஒவ்வொன்றாகப் பின்தொடர முடியும் என்று காட்டினார். மூளை அறுவை மருத்துவர்கள் இன்றும் அம்முறையில் பயிற்சி பெறுகிறார்கள். நரம்பு மண்டலத்தை முறையாகக் கற்பிக்க விரும்பும் எந்தத் துறையும் ஃபார்மலினை முற்றிலும் கைவிட முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் ஃபார்மலின் சில தவறான பாடங்களையும் கற்பித்திருக்கிறது. அதில் இறுகிய தசை சாம்பல் கலந்த பழுப்பு நிறமடைகிறது, தமனி, சிரை, நரம்பு மூன்றும் நிறத்தால் வேறுபடாமல் போகின்றன, மூட்டுகள் அசைவதில்லை. படுத்த நிலையில் விறைத்த உடலை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள், நிற்கும் மனிதனின் இரைப்பை எவ்வளவு கீழே தொங்கக்கூடும் என்பதையும், மூச்சோடு ஈரல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும், 1895இல் எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்ட பிறகே சரியாகப் புரிந்துகொண்டார்கள். இன்றும் என் மாணவர்களிடம் தோள்மூட்டின் அசைவுகளை மேசையில் விளக்க முடியாமல், ஒருவர் கையை மற்றவர் பிடித்துச் சுழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்தது ஆவி. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி, எட்டு மணிநேர சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் 0.75 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது. வெப்பம் ஏற ஏற ஆவியும் மிகும். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டு வெயிலில், குளிர்நாட்டின் அளவுகளை வைத்துக்கொண்டு ஒரு கூடத்தை வடிவமைப்பது மாணவர்களுக்கும், அவர்களைவிட அதிகமாக, ஆண்டு முழுதும் தொட்டிகளோடு வாழும் கூடப் பணியாளர்களுக்கும் இழைக்கும் தீங்கு. மூக்கு சில நிமிடங்களில் நெடிக்குப் பழகிவிடுவதால், நெடி தெரியவில்லை என்பது ஆவி இல்லை என்பதற்குச் சான்றாகாது. கூரை மின்விசிறி ஆவியைக் கூடம் முழுதும் பரப்பும். மேசை மட்டத்திலேயே காற்றைக் கீழ்நோக்கி உறிஞ்சி வெளியேற்றும் அமைப்புதான் முகத்துக்கு வருமுன் அதை அகற்றும். ஜூன் தொடங்கிய பிறகு வேறொரு தொல்லை: தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில், வெளியே வைத்த உடல்களின் மேல் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையைத் தடுக்கும் பீனாலோ தைமாலோ சேர்க்காத கரைசலும், மூடிவைக்காத உடலும் இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாங்குவது கடினம்.

இந்நிலையில் இந்தப் பகுதிக்கு மிகவும் பொருந்துவதாக நான் கருதுவது உப்புக் கரைசல் முறை. 1998இல் கோல்மன், கோகன் என்ற இருவர், உப்பை மிகுதியாகவும் ஃபார்மால்டிஹைடை மிகக் குறைவாகவும் கொண்ட கரைசலால் உடல்களைப் பதப்படுத்திக் கற்பிக்கலாம் என்று விவரித்தார்கள். பிறகு ஜப்பானியக் குழுக்கள் நிறைவுற்ற உப்புக் கரைசலை அறுவைப் பயிற்சிக்கும் பயன்படுத்தின. செறிந்த உப்பு நுண்ணுயிர்களிடமிருந்து நீரைப் பறித்துக்கொள்வதால், நஞ்சான ஃபார்மால்டிஹைடின் வேலையில் பெரும்பங்கு குறைகிறது. தசை ஓரளவு மென்மையாகவே இருக்கிறது, மூட்டுகள் அசைகின்றன, ஆவி வெகுவாகக் குறைகிறது. தூத்துக்குடியிலிருந்து வண்டி வண்டியாக உப்பு வரும் ஊர்களில் அதன் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குறைகளும் உண்டு. 100 மில்லி நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்பே கரையும் என்பதால், அந்த அளவை நெருங்கும் கரைசலில் கரையாத படிகங்கள் மிஞ்சினால் குழாயை அடைக்கும். வடிகட்டாமல் தமனிக்குள் ஏற்றக் கூடாது. உப்பு இரும்பை அரிக்கும். மட்டமான எஃகுத் தொட்டிகளும் கத்திகளும் சீக்கிரம் கெடும். மூளை போதிய அளவு இறுகாது. அதைத் தனியே எடுத்து ஃபார்மலினில் இட வேண்டும். ஓராண்டுக்கும் மேலாக ஒரே உடலை வைத்துக்கொள்ளத் திட்டமிடுவோர், தொடக்கத்தில் ஓரிரு உடல்களில் மட்டும் இதைச் செய்து, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்த பிறகு விரிவாக்குவது நல்லது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் தீல் 1992இல் வெளியிட்ட முறை, மென்மையில் இதைவிடப் பல படி மேலானது. அவ்வாறு பதப்பட்ட உடலின் நிறம் உயிருள்ளவரை நினைவூட்டும். மூட்டுகள் முழுமையாக அசையும். வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவையைப் பயிலலாம். அல்ட்ராசவுண்ட் வைத்து நரம்பைத் தேடி ஊசி குத்தப் பழகலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் தன் கூடத்தையே இம்முறைக்கு மாற்றிக்கொண்டது. ஆயினும் நம் பகுதியில் ஒரு தனிக் கல்லூரி இதை மேற்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரைசலில் போரிக் அமிலம், கிளைக்கால் போன்றவற்றோடு அம்மோனியம் நைட்ரேட்டும் சேர்கிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் விதிகளின்படி அது வெடிபொருளுக்கு இணையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. கல்குவாரிகள் நிறைந்த இந்த எல்லையில் அதை வாங்கவும் சேமிக்கவும் உரிமம், பதிவேடு, பாதுகாப்பான கிடங்கு ஆகிய எல்லாம் தேவைப்படும். உடல்கள் சில மாதங்கள் மூழ்கியிருக்க வேண்டும் என்பதால் தொட்டிகளின் எண்ணிக்கையும் கூடும். தசையிழைகளின் நுண்ணமைப்பு கெட்டுவிடுவதால் நுண்ணோக்கியில் பார்க்க அது உதவாது, மூளையும் குழைந்துபோகும். முதலாண்டு மாணவருக்கு இவ்வளவும் தேவையில்லை. அறுவை மருத்துவப் பட்டமேற்படிப்பு நடத்தும் சில கல்லூரிகள் சேர்ந்து ஒரே மையத்தை ஏற்படுத்தினால் மட்டுமே செலவு நியாயமாகும். உடற்கூறியல் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக இருப்பதால், அந்த மையம் எல்லையின் ஒரே பக்கத்துக் கல்லூரிகளைக் கொண்டு அமைவதே நடைமுறைக்கு உகந்தது. உறையவைத்த உடலுக்கும் இதே தீர்ப்புதான்: அறுவைப் பயிற்சிக்குச் சிறந்தது, உருகிய பிறகு சில நாட்களே தாங்கும், நோய்த்தொற்றின் அச்சமும் உண்டு.

பிளாஸ்டினேஷன் என்னை மிகவும் கவர்ந்த முறை; அதனாலேயே அதன் எல்லைகளைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். ஹைடல்பெர்கில் குந்தர் ஃபான் ஹாகன்ஸ் 1977இல் உருவாக்கிய இம்முறையில், பதப்பட்ட உறுப்பிலுள்ள நீரும் கொழுப்பும் பூஜ்யத்துக்குக் கீழ் ஏறக்குறைய 25 டிகிரி குளிர்ந்த அசிட்டோனால் வெளியேற்றப்படுகின்றன. பிறகு வெற்றிடத்தில் அசிட்டோன் கொதித்து வெளியேற, அந்த இடத்தில் சிலிக்கோன் நுழைகிறது. இறுதியில் அது இறுக்கப்படுகிறது. கிடைப்பது நெடியற்ற, ஈரமற்ற, வெறுங்கையால் தொடத்தக்க, பல்லாண்டு நீடிக்கும் உறுப்பு. இதயத்தின் வால்வுகளையும், நுரையீரல் வேரையும், மண்டையோட்டு அடித்தளத்தையும் மாணவர் விடுதி அறையின் வெளிச்சத்திலேகூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் அது வேறொருவர் அறுத்து முடித்த உறுப்பு. தேடும் வேலை முடிந்துவிட்டது. கொழுப்பை விலக்கி நரம்பைத் தேடுகையில், நரம்பென்று நினைத்தது நாராக முடிவதும், நாரென்று ஒதுக்கியது நரம்பாக இருப்பதும் கற்பிக்கும் பொறுமை அதில் கிடைக்காது. மேலும், எளிதில் தீப்பற்றும் அசிட்டோனைப் பெருமளவில் வைத்திருக்கத் தீப்பொறி எழாத உறைபெட்டியும் தடையற்ற மின்சாரமும் வேண்டும். இடிமழைக் காலத்தில் மின்தடை வழக்கமான ஊர்களில் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு உடலைச் செய்ய முயலாமல், ஆண்டுக்குச் சில உறுப்புகள் என்று சிறுகச் சேர்ப்பதே ஒரு கல்லூரியால் இயன்றது.

திரைமேசையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உடலுக்கு மாற்றாக விற்கப்படும் இதற்கு முன்னோடியாக அமைந்ததும் பதப்பட்ட ஓர் உடல்தான்: அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்ட ஆண் உடலின் படத்தொகுப்பு, டெக்சாஸில் மரணதண்டனைக்கு உள்ளான ஒருவர் கொடுத்துச் சென்ற உடலை உறையவைத்து, 1 மில்லிமீட்டர் கனத்தில் சீவிச் சீவிப் படமெடுத்தது, அடுத்த ஆண்டு வெளிவந்த பெண் உடலில் அந்தக் கனம் 0.33 மில்லிமீட்டர். குறுக்குவெட்டுப் படங்களை சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களோடு இணைத்துக் கற்பிக்கத் திரைமேசையைப்போல் உதவும் கருவி இல்லை. ஆனால் மேசையில் எத்தனை முறை திறந்தாலும் அதே சிறுநீரகம், அதே தமனிதான். பத்து மேசைகளில் பத்து உடல்கள் கிடக்கும் கூடத்தில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத் தமனி ஒன்றுக்கு மேல் இருப்பதையும், முன்கையில் பால்மாரிஸ் தசை சிலருக்கு இல்லாமலே போவதையும், பித்தப்பைத் தமனி எதிர்பாராத இடத்திலிருந்து கிளைப்பதையும் மாணவர் தாமே காண்கிறார். நாளை பித்தப்பையை அகற்றப் போகும் கைகளுக்கு அந்த அறிவு இன்றியமையாதது. எனவே உடல்களின் எண்ணிக்கையைக் குறைத்து அந்தப் பணத்தில் திரைமேசை வாங்குவதை நான் எதிர்க்கிறேன். மற்றவை அனைத்தும் அமைந்தபின் அதை வாங்குவதை வரவேற்கிறேன்.

பணம் அளவாக உள்ள எல்லைப்புறக் கல்லூரி ஒன்று என்னிடம் கேட்டால், முதற்பணத்தைக் காற்றோட்டத்துக்கும் நல்ல எஃகுத் தொட்டிகளுக்கும் செலவிடச் சொல்வேன். அடுத்து, முதலாண்டு அறுவைக்கான உடல்களைப் படிப்படியாக உப்புக் கரைசலுக்கு மாற்றலாம். மூளைகளையும், மிக நீண்ட காலம் வைக்க வேண்டிய ஓரிரு உடல்களையும் ஃபார்மலினில் வைத்துக்கொள்ளலாம். அறுவை முடிந்த உடல்களிலிருந்து சிறந்து அமைந்த உறுப்புகளைப் பிளாஸ்டினேஷனுக்கு ஒதுக்கலாம். ஆனால் இந்தக் கடைசி அடிக்கு முன், உடலைக் கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து உடல்தானப் படிவம் வாங்க வந்த முதியவர் ஒருவர், கையெழுத்திடுமுன் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க சார், படிச்சு முடிச்சப்புறம் எரிச்சுச் சாம்பலக் குடுப்பீங்களா? பேரூர்ல கொண்டுபோய்க் கரைக்கோணும்னு பையன் சொல்றானுங்க.” நொய்யல் கரையில் பேரூரிலோ, பாரதப்புழைக் கரையில் திருவில்வாமலையிலோ காரியம் செய்வது இந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு எளிதில் விட்டுவிடக்கூடிய ஒன்றல்ல. ஃபார்மலினிலோ உப்பிலோ பதப்பட்ட உடலின் எஞ்சிய பகுதிகளை, கல்லூரி மனம்வைத்தால், எரித்துக் குடும்பத்திடம் ஒப்படைக்க முடியும். பிளாஸ்டினேஷன் செய்யப்பட்ட உறுப்பு திரும்பாது. அது தலைமுறைகளுக்குக் கண்ணாடிப் பேழையில் இருக்கும். இவ்விரண்டும் ஒரே சம்மதமாக முடியாது. நம் படிவங்களில் பொதுவாக இருக்கும் ஒற்றை வரியை இரண்டாகப் பிரித்து, கற்பிக்கும் காலம் முடிந்ததும் எஞ்சியதைத் திருப்பித்தர வேண்டுமா என்றும், உறுப்புகளை நிலையாக வைத்துக்கொள்ளலாமா என்றும் தனித்தனியே கேட்டு, தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட வேண்டும்.

சம்மதம் எழுத்தில் இருப்பதும், வீட்டார் அறிந்திருப்பதும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்குக் கேரளத்தின் அண்மை நிகழ்வே சான்று: 2024 செப்டம்பரில் மறைந்த மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் வாய்மொழியாகச் சொல்லியிருந்ததாகக் கூறப்பட்ட உடல்தான விருப்பத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கிடையே எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகே, அவரது உடல் எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு உரியதென்று முடிவாயிற்று. கோடையில் இறப்பு நேர்ந்த வீட்டில் குளிர்பெட்டிக்குள் உடல் கிடக்க, உறவினர் தம்முள் பேசி முடிவெடுக்கும் மணிநேரங்கள்தான் தமனிக்குள் கரைசல் சீராகப் பரவுமா பரவாதா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே படிவத்தோடு, கல்லூரியில் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும், பிணக்கூறாய்வு செய்யப்பட்ட உடலையும் சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் ஏற்க இயலாது என்ற விளக்கத்தையும், கண்தானம் செய்தாலும் உடலைத் தரலாம் என்ற குறிப்பையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும்.